பகைவனில்லாத ஆட்டம்

வேடம் தாங்கி ஆடும் கணினி விளையாட்டுகளின் சரித்திரத்தை, 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். காகிதத்திலும் பகடையிலும் நடந்த அந்த ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவர முயன்றவர் பலராயினும், 1981-இல் வெளிவந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்னும் இரண்டும், அவற்றில் தோய்ந்த யூஜி ஹோரி ஜப்பானில் 1986-இல் படைத்தளித்த ‘டிராகன் குவெஸ்ட்’டுமே இத்துறையின் இலக்கணத்தை ஸ்தாபித்தன. அரக்கரைக் கொன்று, பொன் சேர்த்து, பலம் பெருகி, முடிவில் பேரரக்கனைச் சம்ஹாரம் செய்வதே அவ்விலக்கணம். அதை மீறிய ஒரு படைப்பின் மீதே என் அபிமானம் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

1985-இல் ரிச்சர்ட் கேரியட் சிருஷ்டித்த ‘அல்டிமா 4’ அது. முந்தைய பாகத்தில் ஊராரைக் கொள்ளையிட்டும் கொன்றும் ஜயிக்க முடிந்ததைக் குறித்து வந்த கடிதங்களால் சிந்தனைவயப்பட்ட கேரியட், நம் நாட்டு அவதாரக் கொள்கையைத் தழுவி, இறுதியில் வீழ்த்துவதற்குப் பகைவன் எவனும் இல்லாததும், வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுக் குணங்களில் ஆடுகிறவர் பூரணமடைவதையே லட்சியமாகக் கொண்டதுமான ஓர் உலகத்தை அமைத்தார். தொடக்கத்திலேயே குறி சொல்லும் ஒருத்தி, குணத்தோடு குணம் மோதும் ஏழு தர்மசங்கடங்களை நம் முன் வைக்கிறாள். நம் விடைகளே நம் வேடத்தை நிர்ணயிக்கின்றன.

அவ்வுலகில் மந்திர மூலிகை விற்பவள் பார்வையற்றவள். விலையை அவள் சொல்வாள். எண்ணிக் கொடுப்பது நாம். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது, ஆட்டமும் அப்போது வாய் திறவாது; ஆனால் வாய்மையின் கணக்கு உள்ளே குறைந்துவிடும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதைப் புடவை வாங்குகிறவர் கண்ணால் கண்டறிய முடியாத காஞ்சிபுரத்தில் வாழ்கிறவனுக்கு இந்த ஏற்பாட்டின் நுட்பம் உடனே விளங்கும். இங்கே நெசவும் வியாபாரமும் தலைமுறை தலைமுறையாக நிற்பது விற்பவரின் வாக்கின் பேரில்தான்.

குணத்தை ஆட்டமாக்குவது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டாத வைணவக் குடும்பம் முன்பெல்லாம் அரிது; நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் அதில் அமைந்திருக்கின்றன. எனினும் பாம்பின் வாயில் விழுகிறவர் அத்தீமையைச் செய்தவரல்லர். ஏணியில் ஏறுகிறவரும் அப்புண்ணியத்தைச் சம்பாதித்தவரல்லர். எல்லாம் கட்டை விழுந்தபடி. ஊழின் வலிமையைக் குழந்தைக்கு உணர்த்த அதனினும் சிறந்த சாதனம் இல்லையென்றாலும், கர்மத்தின் பொறுப்பை அது ஆடுகிறவரின் தலையில் ஏற்றுவதில்லை. கேரியட் ஏற்றினார். அதுவே இவ்விரண்டிற்கும் உள்ள பேதம்; என் அபிமானத்திற்குக் காரணமும் அதுவே.

குறையில்லாத படைப்பு என்று சொல்லமாட்டேன். பிச்சைக்காரருக்கு ஒவ்வொரு காசாகத் திரும்பத் திரும்ப இட்டே கருணையைப் பெருக்கிக்கொள்ள இதில் இடமுண்டு. கணக்கிட்டுச் செய்யும் தர்மத்தையும் உள்ளம் கசிந்து செய்யும் தர்மத்தையும் பிரித்தறிய இயந்திரத்துக்கு வழியில்லை. பணிவின் விஷயத்தில் மட்டும் கேரியட் விழிப்பாக இருந்தார்: உரையாடலில் ஒருவர் நம்மைப் பற்றிக் கேட்கும்போது பெருமையாக விடை சொன்னால், அந்த விடையாலேயே பணிவு குறைகிறது.

பிற்காலத்தார் இவ்வழியில் அதிகம் நடக்கவில்லை. நம் புராண மரபைக் கருவாகக் கொண்டு புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த ‘ராஜி’யும், கண்ணுக்கு விருந்தாகும் சித்திர வேலைப்பாடு கொண்டிருந்தும், மகாபலாசுரனை எதிர்த்துப் போரிடும் கதையாகவே அமைந்தது. ‘அல்டிமா 4’ 2011 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பரமபதப் படத்தோடு வளர்ந்த நம் இளம் கணினிக் கலைஞர்கள் அதை ஒருமுறை முழுவதும் ஆடிப் பார்த்துவிட்டுத் தங்கள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.