கருத்துக்களத்துக்கு மென்பொருள் தேர்வு: அட்டவணை சொல்லாத சில விஷயங்கள்

எங்கள் கல்வெட்டுக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு கருத்துக்களம் வேண்டும், எந்த மென்பொருள் சரிப்படும் என்று பார்த்துச் சொல்லு என்று போன ஆடி மாதம் என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் கணினி வேலை பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான். அதைத் தவிர இந்த வேலைக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

மறுநாளே ஒரு நண்பர் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை அனுப்பினார். மேலே பத்துப் பன்னிரண்டு மென்பொருள்களின் பெயர். பக்கவாட்டில் அம்சங்கள்: தேடல் உண்டா, தனிமடல் உண்டா, மொபைலில் ஒழுங்காகத் தெரியுமா. கட்டத்துக்குக் கட்டம் பச்சை டிக், சிவப்புப் பெருக்கல்குறி. "அதிக டிக் எதுக்கோ அதைப் போட்டுரலாம் சார்" என்றார். இரண்டு மாதம் நாலைந்தை நிறுவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இந்த அட்டவணை வாசிங் மெஷின் வாங்கத்தான் லாயக்கு. தேடல் 'உண்டு' என்று ஒரு டிக் போட்டாயிற்று. எந்த மொழியில் தேடும் என்று யார் கேட்பது?

இந்த விஷயத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதற்குப் பின்கதை உண்டு. 2000-களின் தொடக்கத்தில் தமிழ் இணையப் பேச்சில் பெரும்பங்கு மடற்குழுக்களில்தான் நடந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் யாஹூ குழுமங்களாக இருந்தவை என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2019 டிசம்பர் 14-ல் யாஹூ, குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15-ல் சேவையையே மூடியது. எங்கள் குழு அங்கே இருக்கவில்லை. வேறு ஒரு சின்ன இலவசச் சேவையில் இருந்தது, பெயர் வேண்டாம். அவர்களும் மூடுவதற்கு முன் எச்சரிக்கை மடல் அனுப்பத்தான் செய்தார்கள். குழுவைத் தொடங்கியவரின் முகவரிக்குப் போயிருக்கிறது. அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஏழு வருடப் பேச்சு போயிற்று. பேச்சு போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை, அதில் பாதி வெட்டி அரட்டை. ஆனால் காவிரிக்கரைக் கோயில் ஒன்றின் குமுதப்படையில் இருந்த கல்வெட்டை எங்கள் ஆள் ஒருவர் துண்டு துண்டாகப் பதினோரு படம் எடுத்துப் போட்டிருந்தார். பிறகு திருப்பணி என்று மணல்வீச்சு அடித்தார்கள். (ஊர்ப் பெயரைச் சொன்னால் இப்போது பிரயோஜனம் இல்லை, சண்டைதான் வரும்.) கல் பளபளவென்று இருக்கிறது, எழுத்து இல்லை. படம் எடுத்தவரின் கணினி அதற்கும் முன்னாலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆக அந்தப் பதினோரு படம்தான் கல்வெட்டு. அதை வைத்திருந்தது ஒரு மென்பொருள்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். இந்த உலகத்தில் பழைய சண்டை ஒன்று உண்டு: பதில்கள் கிளை கிளையாகப் பிரிய வேண்டுமா, ஒரே நேர்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டுமா? ஜோயல் ஸ்போல்ஸ்கி 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார். 'பதிலளி' என்ற இணைப்பை எங்கே வைக்கிறோம் என்பதுபோன்ற அற்ப முடிவுகள்கூட அங்கே கூடுகிற கூட்டத்தின் குணத்தையே மாற்றிவிடும் என்பது அவர் வாதம். தன் களத்தில் அந்த இணைப்பை இழையின் அடியில் மட்டும் வைத்தார். கீழே வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் எழுதியதை வாசித்திருப்பீர்கள் அல்லவா! பின்னால் அவரோடு சேர்ந்து ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கிய ஜெஃப் ஆட்வுட்டும் நேர்கோட்டுக் கட்சி. 2013-ல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட டிஸ்கோர்ஸ் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

நான் ரெடிட் பார்த்துப் பழகியவன், கிளைக் கட்சி. ஆனால் எங்கள் பழைய சண்டைகளை யோசித்துப் பார்த்தபோது மனம் மாறிற்று. ஒரு சொல்லை ஒருவர் 'இறையிலி' என்று வாசிக்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார், மூன்றாமவர் பக்கத்து ஊர்க் கல்வெட்டிலிருந்து சான்று கொண்டுவருகிறார். முதலாமவர் நாலு நாள் கழித்து ஒத்துக்கொள்கிறார். இதைக் கிளையில் போட்டால் அந்த ஒத்துக்கொள்ளல் ஐந்தாவது உள்தள்ளலில் ஒளிந்துகொள்ளும். அடுத்து வருகிறவர் மேலே இருக்கிற தவறான வாசிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோட்டில் போட்டால் கடைசிப் பதிவு கடைசியில் இருக்கும். போதாக்குறைக்கு, ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுகிற வழக்கம் எங்களுக்குச் சுத்தமாக ஆகாது. ழகரமா ளகரமா என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்க முடியாது.

ஆகவே டிஸ்கோர்ஸ் பக்கம் சாய்ந்தேன். சாய்ந்த பிறகுதான் அதன் முரண்டுகள் தெரிய ஆரம்பித்தன.

முதலாவது, நம்பிக்கைப் படிகள். பூஜ்யத்திலிருந்து நாலு வரை. புதிதாக வருகிறவர் குறைந்தது ஐந்து இழைகளுக்குள் போய், முப்பது பதிவுகளை வாசித்து, மொத்தம் பத்து நிமிடம் செலவழித்தால் முதல் படி. மூன்றாம் படிக்கு, கடந்த நூறு நாளில் பாதி நாளாவது வந்துபோயிருக்க வேண்டும், இன்னும் சில நிபந்தனைகள். எழுதியதற்கு மட்டுமல்லாமல் வாசித்ததற்கும் மதிப்புக் கொடுத்ததைப் பாராட்ட வேண்டும். வேறெந்த மென்பொருளும் அமைதியாக இருப்பவரை இப்படிக் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வருடத்துக்கு நாலு பதிவு போடுவார், நாலும் பொக்கிஷம். நூறு நாளில் தொண்ணூறு நாள் இணையப் பக்கமே வரமாட்டார், வயல்வரப்பில் கல் தேடிக்கொண்டிருப்பார். டிஸ்கோர்ஸ் கணக்கில் அவர் கீழ்ப்படியிலேயே கிடப்பார். தினமும் வந்து இதயக்குறி போடுகிற நான் மேல்படியில் இருப்பேன். வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி. படியை நிர்வாகி கையால் ஏற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஏற்றிவிட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் குறை.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். மாற்றாமல் விட்டால் ஒரு பதிவு குறைந்தது இருபது குறி நீளம் இருக்க வேண்டும். 'நானும் ஆமோதிக்கிறேன்' வகையறாவைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல நோக்கம். "அது ழ இல்லை, ள." இதை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோட் கணக்கில் உயிர்க்குறி, புள்ளி, இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்துப் பதினைந்து. கல்வெட்டு வாசிப்பில் ஒரு மாதச் சண்டையைத் தீர்த்துவைக்கக்கூடிய வாக்கியம், 'மிகவும் சிறியது' என்று திருப்பி அனுப்பப்படும். அமைப்பில் எண்ணைக் குறைத்துக்கொண்டேன்.

படங்கள் விஷயம் எங்களுக்கு உயிர்நாடி. டிஸ்கோர்ஸ் இயல்பாகப் பெரிய படங்களைச் சுருக்கித்தான் ஏற்றும். படத்தின் உள்ளே பொதிந்திருக்கும் தேதி, இடம் போன்ற தகவல்களையும் நீக்கிவிடும். வீட்டில் எடுத்த செல்ஃபியிலிருந்து யாரும் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்காமல் இருக்க இது நல்ல பாதுகாப்பு. எங்களுக்கோ என்றைக்கு, எந்த இடத்தில் எடுத்தது என்பதுதான் பாதி ஆவணம். இரண்டையும் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று நடக்கிறது என்பது தெரிந்தால்தானே நிறுத்துவீர்கள்? அட்டவணையில் 'பட ஏற்றம்: டிக்' என்றுதான் இருந்தது.

பழைய பிஎச்பிபிபி-யையும் பார்த்தேன். 2000-ல் பிறந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது, சாதாரணப் பகிர்வு வழங்கியில்கூட ஓடும். டிஸ்கோர்ஸுக்குக் குறைந்தது ஒரு ஜிபி நினைவகம் உள்ள தனிச் சர்வர் வேண்டும், டாக்கர் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். 2004 டிசம்பரில் சான்டி என்ற புழு, கூகுளில் தேடித் தேடி பிஎச்பிபிபி தளங்களைக் கண்டுபிடித்துச் சிதைத்த கதை இன்னும் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ அது அநியாயம் என்றுதான் படுகிறது. புதுப்பிக்காமல் விட்டால் எதுவும் உளுத்துத்தான் போகும். ஃப்ளாரம், நோட்பிபி இரண்டும் பார்க்க லட்சணமாக இருந்தன, அதிகம் நோண்டவில்லை.

மைஎஸ்க்யூஎல் மேல் ஓடுகிற எதையும் எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சோழர் கால நிலக்கொடைக் கல்வெட்டைத் தொட்டால் பின்னங்கள் வந்தே தீரும். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றின் குறியீடுகள் 2019 மார்ச்சில்தான், யூனிகோட் 12-ல், ஒருங்குறிக்குள் வந்தன. கிரந்த எழுத்து 2014-ல் வந்தது. இரண்டும் நாம் அன்றாடம் தட்டும் தமிழ் எழுத்துகள் இருக்கும் பகுதியில் இல்லை. வெளியே, ஒவ்வொரு குறியும் நாலு பைட் பிடிக்கிற இடத்தில் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்-லில் பல ஆண்டுகளாக 'யுடிஎஃப்8' என்ற பெயரில் இருந்ததோ மூன்று பைட்டைத்தான் தாங்கும். நாலு பைட்டுக்கான முழு வடிவத்துக்கு வேறு பெயர், 'எம்பி4' என்று வால் இருக்கும். பழைய வடிவில் அட்டவணை அமைந்திருந்து, கண்டிப்பு முறையும் அணைந்திருந்தால், நீங்கள் பின்னக் குறியைத் தட்டிய இடத்தோடு பதிவு வெட்டுப்படும். மீதிப் பத்திகள் சேமிக்கப்படவே படாது. பல களங்கள் இந்தக் குழியை எமோஜி வந்தபோது கண்டுபிடித்தன. நமக்கு அதைவிடப் பழைய காரணம் இருக்கிறது.

தேடலையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். 'குளம்' என்று தேடினால் 'குளத்துக்கு' வருகிறதா? 'நிலம்' என்றால் 'நிலத்தை'? ஒட்டுகளை உரித்து அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கிற வசதி தமிழுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2019-ல், 12-ஆம் பதிப்போடு வந்துவிட்டது. டிஸ்கோர்ஸ் அதே தரவுத்தளத்தின்மேல்தான் ஓடுகிறது. ஆனால் கீழே வசதி இருப்பது வேறு, மேலே இருக்கும் மென்பொருள் அதைக் கேட்டு வாங்குவது வேறு. நாலு பதிவு போட்டு, நாலு வேற்றுமை உருபோடு தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. முகவரியையும் ஒரு தடவை பாருங்கள். தமிழ்த் தலைப்பு முகவரியில் அப்படியே ஏறினால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, ஒரு இணைப்பு அரைப் பக்கத்துக்கு ஓடும். ஆங்கில எழுத்து மட்டும் போதும் என்று அமைத்தால் தமிழ்த் தலைப்புகளுக்கெல்லாம் ஒரே பொதுப்பெயரை ஒட்டிவிடுகிறது டிஸ்கோர்ஸ், எண்தான் மாறும். நான் பெயரே வேண்டாம், எண் மட்டும் போதும் என்று வைத்துவிட்டேன்.

குழுவில் இதையெல்லாம் சொன்னபோது ஒருவர் கேட்டார், "வாட்ஸாப்லதான் எல்லாரும் இருக்காங்களே, இதெல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்விதான், ஆள் அங்கேதான் இருக்கிறது. போன வருடம் அங்கே போட்ட படத்தைத் தேடி எடுங்கள் என்றேன். மூன்று பேர் முயன்றார்கள். ஒருவர் போனை மாற்றிவிட்டார், ஒருவர் இடம் போதாமல் அழித்துவிட்டார், மூன்றாமவருக்குக் கிடைத்தது. சுருங்கிப்போய், எழுத்துக்கும் கல்லின் பொளிவுக்கும் வித்தியாசம் தெரியாமல்.

கடைசியில் டிஸ்கோர்ஸ்தான் போட்டிருக்கிறோம். காப்புப் பிரதியை அது தானாகவே எடுக்கும், ஆனால் வேறிடம் குறிப்பிடாவிட்டால் அதே சர்வரில்தான் வைக்கும். வீடு எரிந்தால் பத்திரமும் சேர்ந்து எரிகிற ஏற்பாடு. ஆகவே வாரம் ஒரு நகல் மதுரையில் ஒருவர் வீட்டுக்கும் இன்னொன்று என் வீட்டுக்கும் இறங்குகிறது. நிர்வாகக் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே காரில் போகக்கூடாது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறோம், முழுக்க விளையாட்டும் இல்லை.

பெரியவருக்குப் போன் செய்து எப்படி உள்ளே நுழைவது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினார். "தம்பி, மெயில்ல வந்தா மெயில்லயே பதில் போடலாமா?" போடலாம் ஐயா, அந்த வசதி இருக்கிறது என்றேன். மறுநாள் காலை அவரிடமிருந்து மடல் வழியாக முதல் பதிவு வந்தது. கூடவே ஸ்கேன் செய்த தாள் ஒன்று. குமுதப்படைக் கல்வெட்டின் முதல் மூன்று வரியை 2011-ல் எங்கள் படங்களைப் பார்த்து நோட்டில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் வரியில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது.