மறுநாள் குஸ்தி

முகூர்த்தத்தைவிடக் கட்டுச்சாதக் கூடை நாள்தான் எனக்குப் பிடித்தமானது. முகூர்த்தத்தன்று கல்யாண வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேஷம் உண்டு. அந்த வேஷத்துக்குரிய வசனத்தைத்தான் பேசுவார்கள். மறுநாள் காலையில், பந்தல்காரன் கயிற்றை அவிழ்த்துக் கொண்டிருக்கும்போது, ரெயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தங்கிவிட்ட உறவினர்கள் திண்ணையில் உட்கார்ந்து சம்பந்தி வீட்டாரின் யோக்கியதையையும் பாயசத்தின் யோக்கியதையையும் எடைபோடுவார்கள். கல்யாணத்தைப் பற்றிய உண்மையான விமரிசனம் அப்போதுதான் பிறக்கிறது.

அமெரிக்க டெலிவிஷன் குஸ்தியிலும் இப்படி ஒரு நாள் உண்டு. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற கம்பெனி (முன்பு டபிள்யூ.டபிள்யூ.எஃப்.; நம் வீட்டுப் பிள்ளைகள் பயில்வான் படம் போட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு கோடை விடுமுறையெல்லாம் சண்டை போட்டார்களே, அதேதான்) வருஷத்துக்கு ஒருமுறை 'ரெஸில்மேனியா' என்று ஒரு பெருந்திருவிழா நடத்துகிறது. 1985 மார்ச் 31ஆம் தேதி நியூயார்க்கில் ஆரம்பித்தது. வெகுகாலம் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் நடந்தது. 2020 முதல் இரண்டு நாள். வருஷம் முழுவதும் வளர்த்த பகைகளெல்லாம் அங்கேதான் தீரும். மறுநாள் திங்கட்கிழமை இரவு, அதே ஊரிலோ அடுத்த ஊரிலோ, 'ரா' என்ற வாராந்தர நிகழ்ச்சி. இது 1993 ஜனவரியிலிருந்து நடந்து வருகிறது. நம் ஊரில் உட்கார்ந்து அதை நடக்கும்போதே பார்க்கவேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருப்பதுண்டு.

"இந்தக் குஸ்தி நிஜமில்லையே, ஸ்வாமி! ஜயிக்கப் போகிறவன் யாரென்று முன்னாலேயே எழுதி வைத்துவிடுகிறார்களே. நீர் போய் இதைப் பார்க்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாவலாசிரியனிடம் கேட்கிற கேள்வியா இது? என் கதைகளில் யார் ஜயிப்பார்கள் என்பதையும் முன்னாலேயேதான் எழுதி வைக்கிறேன். கம்பெனியும் இதை மூடி மறைக்கவில்லை. 1989இல் நியூஜெர்ஸி மாகாணத்துச் செனட் சபையில், இது விளையாட்டுப் போட்டியல்ல, கேளிக்கைதான் என்று அதுவே எடுத்துச் சொல்லிவிட்டது. விளையாட்டுச் சட்டங்களின் பிடியிலிருந்து தப்புவதற்காகத்தான். என்றாலும் சொன்னது சொன்னதுதானே?

ஆகவே இது நாடகம். நாடகமென்றால் எழுதியவன் ஒருவன், நடிப்பவன் ஒருவன், பார்ப்பவன் ஒருவன். வருஷத்தில் மற்ற வாரங்களிலெல்லாம் இந்த மூவரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, நல்லவனுக்குக் கைதட்டி, கெட்டவனை வைதுவிட்டு வீடு திரும்புவார்கள். மறுநாள் கூட்டம் வேறு ஜாதி. திருவிழாவுக்காக இங்கிலாந்திலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் கடல் கடந்து வந்தவர்கள் இன்னும் ஒரு நாள் தங்கிப் பார்க்கிறார்கள். எவனுக்குக் கம்பெனியில் செல்வாக்கு, எவனைத் திறமையிருந்தும் அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. எழுதியவனைப் பார்த்து நேருக்கு நேராகப் பேச இவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ராத்திரி அது. தொடர்கதை எழுதுகிறவனுக்கும் வாராவாரம் கடிதம் வரும், அந்தப் பெண்ணைச் சாகடித்துவிடாதேயும் என்று. ஆனால் கடிதத்தை மடித்து மேஜைக்குள் போட்டுவிடலாம். பதினையாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினால் எந்த மேஜைக்குள் போடுவது?

இந்த ராத்திரிக்கு இப்படி ஒரு மகிமை வந்ததற்கு 1998 முக்கியமான வருஷம். மார்ச் 29ஆம் தேதி பாஸ்டனில் ஸ்டீவ் ஆஸ்டின் பட்டம் வென்றான். (கோதாவில் நிற்பவன் பாத்திரம், ஆகையால் 'அவன்' என்றே எழுதுகிறேன். மனிதர்களுக்கு மரியாதைக் குறைவில்லை.) நம் பாரதக் கூத்தானால் தர்மர் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே அப்படிப் போக முடியாது. அடுத்த வாரமும் டிக்கெட் விற்க வேண்டுமே! மறுநாள் ஆல்பனி நகரத்தில் முதலாளி வின்ஸ் மக்மான் தாமே கோதாவுக்குள் வந்து புதுப் பட்டயத்தைக் கொடுத்து, இனிமேல் சொன்னபடி கேட்டு நடக்கவேண்டுமென்று உபதேசம் செய்தார். ஆஸ்டின் முதலாளியை அடித்துக் கீழே சாய்த்தான். பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் தொடங்கிய அந்தக் கதை, முதல்நாள் முடிந்த கதையைவிடப் பெரிதாக வளர்ந்தது. 83 வாரமாகப் போட்டிக் கம்பெனியிடம் தோற்றுக் கொண்டிருந்த 'ரா', ஏப்ரல் 13ஆம் தேதி பார்வையாளர் கணக்கில் முந்திக்கொண்டது.

புதுமுகங்கள் வருவதும் இந்த வாரத்தில்தான். 2006இல் திருவிழா முடிந்த அதே வாரத்து வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் நம் ஹிமாசலப் பிரதேசத்துக்காரர் தலீப் சிங் ராணா, 'கிரேட் காளி' என்ற பெயரில் வந்து இறங்கி அண்டர்டேக்கரை அடித்துக் கிடத்தினார். நம் காளியம்மையின் பெயரை அமெரிக்கக் கம்பெனி இப்படிப் பிரயோஜனப்படுத்திக் கொள்ளுமென்று யார் கண்டார்கள்! இந்தியன் என்றால் பேசத் தெரியாத ராட்சசன் என்ற அவர்களுடைய கற்பனை வளத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கூட்டம் எழுத்தாளனாக மாறியது 2012இல். மயாமியில் ஏப்ரல் 1ஆம் தேதி டேனியல் பிரையன் என்பவனைப் பதினெட்டே விநாடியில் தோற்கடித்துவிட்டார்கள். உருவத்தில் சிறியவன், வித்தையில் பெரியவன். கதைப்படி அப்போது வில்லன். ஜயித்தபோதெல்லாம் 'யெஸ், யெஸ்' என்று விரலை உயர்த்திக் கொக்கரிப்பான், பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரட்டுமென்று. மறுநாள் கூட்டம் அந்தக் கொக்கரிப்பையே எடுத்துக்கொண்டது. யார் கோதாவில் நின்றாலும் சம்பந்தமில்லாமல் 'யெஸ், யெஸ்' என்று முழங்கியது. எட்டு வருஷத்துக்குப் பின் பிராக் லெஸ்னர் திரும்பி வந்து ஜான் சீனாவைத் தூக்கி எறிந்ததும் அதே ராத்திரிதான், பிரமாதமான காட்சி. இருந்தாலும் அன்றைய கூட்டத்தை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஒற்றைச் சொல்தான். அதை வைத்தே இரண்டு வருஷம் கம்பெனியை மிரட்டினார்கள். 2014 ஏப்ரல் 6ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் பிரையன் ஒரே இரவில் இரண்டு ஆட்டம் ஆடிப் பட்டம் வாங்கினான். வாசகர்கள் எழுதிய கதை அது. ஆசிரியர் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது.

அப்படியானால் கதையை வாசகர் கையில் கொடுத்துவிடலாமா? கூடாது என்பதற்கு அத்தாட்சி 2013 ஏப்ரல் 8ஆம் தேதி. முதல்நாள் நியூஜெர்ஸி ஈஸ்ட் ரதர்போர்டில் 80,676 பேர் திருவிழாவுக்கு வந்ததாகக் கம்பெனி அறிவித்தது. அதே ஊரில் மறுநாள். டால்ஃப் ஜிக்லர், அடிபட்டுக் கிடந்த சாம்பியன்மேல் பாய்ந்து பட்டத்தைப் பிடுங்கியபோது கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள், நியாயமான ஆனந்தம். பிறகு ராண்டி ஆர்ட்டனும் ஷேமஸும் மோதினார்கள். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வர்ணனை செய்கிறவர்கள் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கோஷம் போட்டார்கள். அங்கே இல்லாத பயில்வானுக்கும், செத்துப்போன பயில்வானுக்கும் கோஷம் போட்டார்கள். கடைசியில் 'நாங்களே பிரமாதம்' என்று தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள். கோதாவில் இரண்டு மனிதர்கள் முதுகு நோக விழுந்து எழுந்து கொண்டிருந்தார்கள் என்பது எவருக்கும் ஞாபகமில்லை. முடிவு எழுதி வைத்ததாக இருக்கலாம். விழுவது நிஜமாகவே விழுவதுதான்.

அந்த ராத்திரியைப் பொற்காலமாகப் பேசுகிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிரையனுக்காகக் கத்தியவர்கள் ஒரு கதை வேண்டுமென்று கேட்டார்கள். இவர்கள் கேட்டது கண்ணாடி.

கம்பெனி சும்மா இருக்குமா? அன்று ஃபாண்டாங்கோ என்ற நாட்டியக்காரப் பயில்வானின் மெட்டை வேடிக்கைக்காகக் கூட்டம் முணுமுணுத்தது. நிகழ்ச்சி முடிந்து வெளியேறும்போதும் பாடிக்கொண்டே போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லா ஊரிலும் எப்படிப் பாடுவது, கையை எப்படி ஆட்டுவது என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில்கூட ஏறியது. ஆனால் 'பாடு' என்று சொல்லிவிட்டால் எவன் பாடுவான்? சில மாதங்களில் அந்த வேடிக்கை ஓய்ந்தது. அந்த ஆட்டக்காரனைத்தான் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

எழுதுகிறவனும் நடிக்கிறவனும் கூட்டத்துக்குச் சரியான பதில் சொன்னது ஒரே ஒரு தடவை என்பது என் அபிப்பிராயம். 2017 ஏப்ரல் 3ஆம் தேதி, ஆர்லாண்டோ. முதல்நாள் ரோமன் ரெயின்ஸ் அண்டர்டேக்கரைத் தோற்கடித்திருந்தான். கிழட்டுச் சிங்கம் கையுறையையும் நீண்ட கோட்டையும் தொப்பியையும் கோதாவின் நடுவில் கழற்றி வைத்துவிட்டுப் போயிற்று. பார்த்தவர்கள் அழுதார்கள். ரெயின்ஸோ கம்பெனி பலவந்தமாகத் திணிக்கும் கதாநாயகன் என்று ஏற்கெனவே ரசிகர்களுக்கு ஆகாதவன். மறுநாள் நிகழ்ச்சி தொடங்கியதும் அவன் ஒலிபெருக்கியோடு வந்து நின்றான். 'ஊ' என்று ஊளை கிளம்பியது. அவன் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோவான், ஊளை இரட்டிக்கும். இறக்கிவிடுவான். மறுபடி உயர்த்துவான். ஓயாத வசவு, ஓயாத கோஷம். இப்படிச் சுமார் பத்து நிமிஷம்! டெலிவிஷனில் பத்து நிமிஷம் என்பது எத்தனை விளம்பரம், எத்தனை பணம்! அவன் கோபித்துக் கொள்ளவில்லை, கெஞ்சவில்லை, சிரிப்பென்று சொல்லமுடியாத ஒரு முகத்தோடு சுற்றிலும் பார்த்துக் கொண்டிருந்தான். கடைசியில் இனி இந்த முற்றம் தன்னுடையது என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் போனான்.

நூறு பக்கம் எழுதினாலும் அந்தப் பத்து நிமிஷத்தை நான் எழுதிவிட முடியாது. வசனம் எழுதத் தெரிந்தவர்கள் அனேகம் பேர். எதிரே இருப்பவர்களைப் பேசவிட்டு, அவர்களுடைய வெறுப்பையே வசனமாக்கிக் கொள்ளத் தைரியம் வேண்டும். அந்த ஊளையில்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டம் அன்று தன் எழுத்துரிமையை இழக்கவுமில்லை. தன்னையே பார்த்து மயங்கவுமில்லை.

அந்தக் குரல் இல்லாமல் போனால் என்ன மிஞ்சும்? கொள்ளைநோய் வந்த 2020இல் திருவிழாவும் மறுநாளும் ஆர்லாண்டோவில் காலிக் கூடத்தில் நடந்தன. விழுகிற சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. மறுவருஷம் இன்னும் வேடிக்கை. டாம்பாவில் திருவிழாவுக்கு ஜனங்களை அனுமதித்தார்கள். மறுநாள் அதே ஊரில் நிகழ்ச்சி நடந்த கூடத்தில், ஆசனங்கள் இருக்கவேண்டிய இடத்தில் திரைகளை வைத்து, அவற்றில் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களின் முகங்களைக் காட்டி, கைதட்டலைக் கம்பெனியே ஒலிபரப்பியது. எழுதியவனே எழுதி, அவனே கைதட்டியும் கொண்டான். கொட்டாவி வந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. 2014 ஏப்ரல் 7ஆம் தேதி, பிரையன் வென்ற மறுநாள், நியூ ஆர்லியன்ஸில் அல்டிமேட் வாரியர் வந்தார். ஒரு காலத்தில் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு, கோதாவின் கயிறுகளைப் பிடித்து உலுக்கியவர். கம்பெனியோடு வெகுகாலம் பகை. 2005இல் அவரை இகழ்வதற்கென்றே ஒரு படத்தொகுப்பை வெளியிட்டிருந்தார்கள். இப்போது சமாதானமாகி, சனிக்கிழமையன்று கௌரவப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வயது 54. கோதாவில் நின்று, பழைய முகவர்ணம் தீட்டிய முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். குரல் பழைய உறுமலாக மாறியது. ஒவ்வொரு மனிதனுடைய இதயமும் ஒருநாள் கடைசியாக அடித்து நிற்கும், அவன் செய்தது பிறர் ரத்தத்தில் ஏறியிருந்தால் கதை சொல்கிறவர்கள் அவனைச் சாகாமல் வைத்திருப்பார்கள் என்ற கருத்தில் பேசினார். பழைய நாளிலும் அவர் இந்த மாதிரி விளங்காத வேதாந்தம் பேசுகிறவர்தான். கூட்டம் சந்தோஷமாகக் கைதட்டியது, இன்னும் வருஷாவருஷம் வந்து இப்படிப் பேசிவிட்டுப் போவார் என்ற நினைப்பில்.

அடுத்த நாள் மாலை அரிஸோனாவில், மனைவியோடு நடந்து போகும்போது விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. அந்தப் பதிவை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பேசும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. முகமூடியின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது.