மணல் சொல்லும் சாட்சி: காலக்கணிப்பை ரசிப்பது எப்படி?

2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இரும்பின் தொன்மை’ நூலை வெளியிட்டார். அன்று மாலைக்குள் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது, தமிழ்நாட்டு இரும்பின் காலமாகச் சொல்லப்பட்ட ஓர் எண் மட்டும்தான்: கி.மு. 3345. சிலர் நெஞ்சை நிமிர்த்தினார்கள், சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர்கள் மாதிரிதான் இரண்டு தரப்பும். சுவையெல்லாம் நடுப் பக்கங்களில் இருக்கிறது. அதை ரசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

பாடம் தொடங்கும் இடம்: கடற்கரை

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பெரிய முதலியார்சாவடியில் இறங்கிக் கடற்கரைக்குப் போங்கள். ஒரு கைப்பிடி மணலை அள்ளினால் அதில் பளபளப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மணலைச் சூழ்ந்திருக்கும் மண்ணில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் துளித்துளியாக இருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு படும்போதெல்லாம் குவார்ட்ஸ் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. உண்டியலில் காசு விழுவதுபோல ஆண்டுதோறும் அவை சேர்ந்துகொண்டே போகும். வெயில் பட்டால் நிமிடங்களில் உண்டியல் காலி. மீண்டும் மண்ணுக்குள் புதைந்தால் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும்.

உங்கள் கையில் இருக்கும் மணலின் வயது ஏறக்குறைய பூஜ்யம். அலை புரட்டிப் போட்ட மணல், வெயில் குடித்த மணல். கொஞ்சம் உள்ளே, சவுக்குத் தோப்புப் பக்கம், பழைய மணல்மேட்டின் அடியில் கிடக்கும் மணல் அப்படியில்லை. அது கடைசியாக வெயிலைப் பார்த்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை ஒளியால் படிக்கலாம் என்று கனடாவில் டேவிட் ஹண்ட்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் காட்டினார்கள்.

எந்தக் காலக்கணிப்புச் செய்தியிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தக் கடிகாரம் எந்தச் சம்பவத்தில் ஓடத் தொடங்கியது? மணலுக்கு அது கடைசி வெயில். பானை ஓட்டுக்குச் சூளையின் நெருப்பு. கரித்துண்டுக்கு அந்த மரம் காற்றிலிருந்து கார்பனை எடுப்பதை நிறுத்திய நாள். இவற்றில் எதுவும் ‘மனிதர் இரும்பை உருக்கிய நாள்’ அல்ல. ஆய்வாளர் ஒரு சம்பவத்தை அளக்கிறார், இன்னொன்றை ஊகிக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் இந்தக் கதையின் விறுவிறுப்பு.

சிவப்பு விளக்குக் காட்சி

படமாக எடுத்தால் கைதட்டல் வாங்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அகழாய்வுக் குழியின் சுவரைச் செதுக்கிப் புது முகம் தெரியவைத்து, அதில் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். குழாயின் இரு வாயையும் வெளிச்சம் புகாமல் அடைத்துக் கறுப்பு உறையில் போடுவார்கள். ஒரு கணம் வெயில் பட்டாலும் சாட்சி பேச்சை இழந்துவிடும். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் குழாயைத் திறக்கிறார்கள். வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய இரு முனை மணலையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை எடுத்து, அமிலங்களில் கழுவிக் குவார்ட்ஸை மட்டும் பிரிக்கிறார்கள். அதன் மேல் நீல ஒளி பாய்ச்சினால், சிக்கிக் கிடந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியாகக் கணக்கைக் கக்குகின்றன. பிறகு அதே மணலுக்குத் தெரிந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். மொத்தம் சேர்ந்ததை, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் வயது.

கேட்க எளிது. ஆனால் மண்ணின் ஈரம்கூடக் கணக்கைப் புரட்டும். தண்ணீர் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஈர மண்ணைக் காய்ந்த மண் என்று கணக்குப் போட்டால், பழையது இளையதாகத் தெரியும்.

சாட்சி நம்பத்தக்கவரா?

இரண்டாவது கேள்வி: இந்த மாதிரி இருந்த இடத்திலேயே இருந்ததா? இங்கேயும் கடற்கரையே பாடம் நடத்தும். நண்டு வளை தோண்டும்போது மேல்மணல் கீழே போகிறது, கீழ்மணல் மேலே வருகிறது. சவுக்கு வேர் துளைக்கும் இடத்திலும் அப்படித்தான். அதே கரையில் வடக்கே மரக்காணம் உப்பளத்துக்குப் போனால், மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் சீர்செய்து சேற்றை மிதித்து இறுக்குவதைப் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட அந்தத் தரையில் பழைய துகளும் புதிய துகளும் கலந்து கிடக்கும். சாட்சிகள் கூடிப் பேசிக் குழப்பிய வழக்கு அது. கலையாத மணல்மேடு நல்ல சாட்சி.

இந்தக் கண்ணோடு, அந்த எண் பிறந்த தூத்துக்குடி மாவட்டச் சிவகளைக்கு வாருங்கள். அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 வரை போயிற்று. பானை ஓட்டில் ஒளிமுறையில் கிடைத்த காலம் கி.மு. 2459. வெவ்வேறு மாதிரிகள், வெவ்வேறு கடிகாரங்கள். கரி எந்தத் தாழியில், இரும்புக்கு எவ்வளவு பக்கத்தில் கிடந்தது? தாழி மூடியபடி இருந்ததா, மண் புகுந்ததா? முதிர்ந்த மரத்தின் உள்வைரத்திலிருந்து வந்த கரியா? அப்படியென்றால் நெருப்பைவிடக் கரி மூத்ததாக இருக்கலாம். இப்படிக் கேட்பதை ஊர்ப் பெருமைக்கு எதிரான வேலையாக நினைக்க வேண்டாம். கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதிய ‘இரும்பின் தொன்மை’ நூலை முழுச் சுவையோடு படிக்க இதுவே வழி.

± குறியைத் தவறவிடாதீர்கள்

மூன்றாவது கேள்வி: கூட்டல் கழித்தல் எவ்வளவு? திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் கண்டெடுத்த கற்கருவிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே இன்னொரு கடிகாரம் வேலை செய்தது. தரையில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்கதிர்கள் மோதி பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு அணுவகைகளை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சிதையும். இரண்டின் விகிதம் மாறுவதை வைத்துப் புதைந்த காலத்தைக் கணிக்கிறார்கள். 2011-இல் வந்த விடை: 15.1 லட்சம் ஆண்டு, ± 70 ஆயிரம். 2018-இல், அதே இடத்தின் மேலடுக்கில் தொடங்கும் வேறுவகைக் கருவிகளுக்கு ஒளிமுறை தந்த விடை: 3.85 லட்சம், ± 64 ஆயிரம்.

± 64 ஆயிரம் என்றால் சங்க காலம் முதல் இன்றுவரை உள்ள வரலாற்றைப்போல முப்பது மடங்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை அச்சில் போட்டுவிட்டுத் தைரியமாக நிற்பதில்தான் அறிவியலின் கம்பீரம். கரியின் கார்பன்-14 கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: ‘இன்றைக்கு இத்தனை ஆண்டு முன்’ என்று சொல்லும்போது அந்த ‘இன்று’ எப்போதும் 1950.

கடிகாரம் இல்லாமலும், கடிகாரம் தோற்றும்

ஒப்பிட்டு ரசிக்க, நாம் தொடங்கிய கடற்கரையின் அக்கம்பக்கத்தில் இரண்டு இடங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கரிக்கணிப்பே பிறக்கவில்லை. இத்தாலியில் காலம் தெரிந்த சிவப்புப் பானை ஓடுகள் இங்கே கிடைத்ததை வைத்து ஆண்டைக் கணித்தார். துப்பறிதல் அபாரம். ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்தது தெளிவாயிற்று. வெளியூர்ச் சரக்கின் வயது ஊரின் வயதாகிவிடாது.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழமை. அங்கே கரிக்கடிகாரம் கைவிரித்துவிடும். கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 50 ஆயிரம் ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சம் இருக்காது. எந்தக் கருவி எங்கே செல்லாது என்று தெரிந்தவரே தேர்ந்த ரசிகர்.

இனி அகழாய்வுச் செய்தி வரும்போது தலைப்பில் உள்ள ஆண்டை ஒருபக்கம் வையுங்கள். எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எந்த மாதிரி, எத்தனை ± என்ற வரிகளைத் தேடுங்கள். அவை இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் எண். இருந்தால், அடுத்த குழி தோண்டப்படும்போது அந்த ஆண்டு முன்னே போகுமா பின்னே போகுமா என்று நீங்களே பந்தயம் கட்டலாம்.