படத்தின் மேல் ஒரு குரல்

1933இல் வந்த 'கிங் காங்' படத்தை 1984இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. தட்டில் இரண்டு ஒலித்தடங்கள். படமோ மோனோ, ஒன்றே போதும். சும்மா கிடந்த மற்றதில், படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசினார் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர். ஆடியோ கமென்டரி இப்படித்தான் தொடங்கியது.

இயக்குநர்கள் பேசுபவை பாதிக்குப் பாதி சலிப்புதான். அந்த நடிகர் தங்கமானவர், அன்றைக்குச் சரியான மழை என்றே இரண்டு மணி நேரம் போய்விடும். விமர்சகர் பேசினால் கதையே வேறு. 'சிட்டிசன் கேன்' டிவிடியில் ரோஜர் ஈபர்ட்டைக் கேளுங்கள். கேமரா தரையோடு தரையாகக் கிடப்பதால் அறைகளின் மேற்கூரை கண்ணில் படுகிறது. அந்தக் காலத்து செட்டுகளில் கூரையே அபூர்வம். விளக்கும் மைக்கும் மேலேதானே இருக்கும்! இங்கே கூரையாகத் தெரிவது மஸ்லின் துணி. மைக்குகள் அதற்கு மேலே ஒளிந்திருக்கின்றன. தெரிந்தபின் அந்தக் காட்சிகளில் கண் தானாக மேலே போகிறது.

குறும்புக்கு, ஒரு கற்பனை ராக் குழுவைப் பற்றிய போலி ஆவணப்படமான 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'. 2000இல் வந்த டிவிடியில் குழுவினராக நடித்த மூன்று நடிகர்களும் பாத்திரமாகவே உட்கார்ந்து, படம் தங்கள் மானத்தை வாங்கிவிட்டதாகப் புலம்புகிறார்கள். கிட்டத்தட்ட இன்னொரு படம் அது.

ஒன்று: முதல் தடவை படத்தை மட்டும் பாருங்கள். கமென்டரி கேட்கும்போது சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டால் வசனமும் கைவிட்டுப் போகாது.