பல்லாங்குழியும் உடைமையும்

விளையாட்டினை முதுகலை ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் வேரூன்றிவிட்டது. ஆயினும் அவ்வாய்வேடுகளுட் பல, ஆட்டங்களின் பெயர்களைத் தொகுத்து, ஆடவர்க்குரியன, மகளிர்க்குரியன எனப் பகுத்து, சங்க நூல்களில் அவை பயிலும் இடங்களைச் சுட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. ஆட்டத்தின் விதி யாது, அஃது ஆடுவோர் வாழ்வோடு எவ்வாறு இயைகின்றது என்னும் வினா எழுதல் அரிது. அவ்வினாவைத் துணிந்து எழுப்பியது, தொ. பரமசிவனார் (1950–2020) 'அறியப்படாத தமிழகம்' (1997) என்னும் நூலில் பல்லாங்குழி பற்றி வரைந்த சிறு கட்டுரையாகும். பேட்டையைக் கடந்து தென்காசிச் சாலையிற் செல்வார்க்கு எதிர்ப்படும் அபிஷேகப்பட்டியில், 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

ஆட்டத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். தொடக்கத்தில் குழிதோறும் ஒத்த தொகையிற் புளியமுத்துக்கள். ஒரு குழியில் நான்கு சேரின் அது 'பசு' எனப்பட்டுக் குழிக்குரியாரைச் சேரும். முத்துக் குறைந்தவர் அடுத்த ஆட்டத்தில் தம் குழிகள் சிலவற்றை வெறிதே விட்டு ஆடுதல் வேண்டும். சமநிலையில் தொடங்கி ஒருவர் யாவும் இழப்பதில் முடியும் இவ்வமைப்பில், தனியுடைமை தோன்றிய வரலாற்றின் தடத்தைக் காண்கிறார் ஆசிரியர். 'மாடு' என்னும் சொல் பழந்தமிழில் செல்வத்தையும் குறித்தமை நோக்க, 'பசு' என்னும் பெயர் அக்கருத்திற்கு அரண் செய்வதே.

எனினும் ஓர் ஐயம் உண்டு. கானா நாட்டின் ஓவாரே, மலாய் மக்களின் சோங்காக் முதலியன இவ்வினத்து ஆட்டங்களே. இழந்த குழி அடுத்த சுற்றில் அடைபடும் விதி சோங்காக்கிலும் உண்டு. கடல் கடந்து பரவிய ஓர் ஆட்டத்தின் விதியினின்று ஒரு நாட்டின் சமூக மாற்றத்தை உய்த்துணர்தல் எளிதன்று. விதி தோற்றத்தைக் காட்டும் என்பதினும், ஆடுவோர் தம் நிலையை அதன்கண் கண்டுகொள்வர் என்பதே பொருத்தம். பாலித் தீவின் சேவற்போர் பற்றிக் கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1972-இல் எழுதிய கட்டுரை சென்ற நெறியும் அதுவே.

அவ்வாறு நோக்கின், ஆடியவர் யாவர் என்னும் வினா முதன்மை பெறும். பல்லாங்குழி பெரிதும் மகளிர் ஆட்டம். பூப்பெய்திய பெண்கள் தனித்திருந்த நாட்களில் ஆடியது. சில குடும்பங்களில் சீர்வரிசையோடு சென்றது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் முன்னர் மகளுக்குப் பிறப்புரிமை இருந்ததில்லை. 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமே அதனை, அதுவும் அன்று மணமாகாதிருந்தார்க்கு மட்டும், வழங்கிற்று. நிலத்தில் உரிமையற்றவர் பலகையில் ஏழு குழிகளை ஆண்டனர். ஆட்டத்தில் இழந்த குழியை மறு ஆட்டத்தில் மீட்கவும் கூடும். இம்மீட்சியே ஆசிரியரின் விளக்கத்துள் உரிய இடம் பெறவில்லை என்பது எம் கருத்து. இழப்பு ஒன்றையே கண்டால் ஆட்டத்தின் பாதி விதி புறத்தே நின்றுவிடும்.

தாமிரபரணிக் கரையூர்களில் இதனை ஆடியறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். பலகைகள் காட்சிப் பொருளாய் எஞ்சும். விதிகளோ அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. ஆய்வு மாணவர் குழிகளை எண்ணிக் குறித்தல் போதாது. இழந்த குழியை மீட்கும் முறை ஊருக்கு ஊர் எவ்வாறு வேறுபட்டது என்பதை அவரிடமே கேட்டு எழுதுதல் வேண்டும்.