படுகளம் இல்லாத கூத்து
‘ஷோலே’ ஐம்பதாண்டுக் காத்திருப்பு பற்றிச் சில எண்ணங்கள்

முடிவு தெரிந்த கதையைப் பார்க்க மக்கள் ஏன் திரும்பத் திரும்பக் கூடுகிறார்கள்? தமிழர்களாகிய நமக்கு இது புதிய கேள்வி அன்று. தொண்டை நாட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து ஆடுவார்கள். துரியோதனன் சாகப் போகிறான் என்பது கூட்டத்தில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுத்துக் கிடக்கும் படுகளத்தைப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பாஞ்சாலி கூந்தலை முடிக்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை இரவுக் கண்விழிப்பும்.

2025-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சினிமா ரசிகர்கள் இப்படி ஒரு காத்திருப்பில் இருந்தார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ஷோலே’ ஐம்பது ஆண்டை நிறைவு செய்து, புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் தியேட்டருக்கு வரப்போகிறது என்ற செய்திதான் காரணம். அந்த ஆண்டு ஜூன் 27-இல் இத்தாலியின் பொலோனியா நகரச் சதுக்கத்தில், திறந்த வெளியில் அது முதலில் திரையிடப்பட்டது. டிசம்பர் 12-இல் சுமார் 1500 திரைகளில் இந்தியாவில் வெளியானது. இடைப்பட்ட நாட்களில் சிறை அதிகாரியாக நடித்த அஸ்ரானி அக்டோபரில் மறைந்தார். வீருவாக நடித்த தர்மேந்திரா நவம்பர் 24-இல் மறைந்தார். கொண்டாட்டமாகத் தொடங்கிய காத்திருப்பில் ஒரு துக்கமும் வந்து சேர்ந்துகொண்டது.

இந்தக் காத்திருப்பு உண்மையில் எதற்காக? படத்துக்காகவா, படத்தைப் பற்றிய நம் நினைவுக்காகவா? இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

காதால் பார்த்த படம்

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் ‘ஷோலே’வுக்குத் தனி இடம் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் டெல்லி கரோல்பாக்கிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த இந்தி வேறு, இந்தப் படம் சொல்லிக்கொடுத்த இந்தி வேறு. பாடப் புத்தகத்து இலக்கணம் மறந்திருக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று கப்பர் சிங் தன் ஆட்களைக் கேட்கும் தொனியை யாரும் மறக்கவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கம். படத்தில் வரும் ராம்கர் கிராமம் வடநாட்டில் இல்லை. மைசூர்ச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் வரும் ராமநகரத்துப் பாறைகளின் அடியில் போட்ட செட் அது.

இந்தப் படம் மக்களின் வாயில் நிலைத்ததற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. பாட்டுகளைத்தான் இசைத்தட்டாகப் போடுவது அன்றைய வழக்கம். இந்தப் படத்துக்கோ, ஜனங்கள் வசனத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, பாலிடார் கம்பெனி வசனங்களையே இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. டீக்கடை, கல்யாண வீடு, கணேச சதுர்த்திப் பந்தல் என்று எங்கும் சலீம்-ஜாவேத் எழுதிய வசனம் ஒலித்தது. நம் ஊரில் ‘திருவிளையாடல்’ வசனம் ஒலிபெருக்கியில் ஒலித்த மாதிரிதான். மும்பை மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படத்துக்கு, தியேட்டருக்கு வெளியேயும் ஒரு ஓட்டம் இருந்தது.

ஆகவே, ‘ஷோலே’யை நம்மில் பலர் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். அதன்பின் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தோம். அகலத் திரைக்காக எடுக்கப்பட்ட படத்தின் இரு ஓரங்களும் அந்தப் பெட்டியில் காணாமல் போயின. துவாரகா திவேச்சாவின் காமிரா பாறைகளுக்கு நடுவே மனிதரை எத்தனை சிறியவராகக் காட்டுகிறது என்பது பெரிய திரையில்தான் புரியும். டாகூர் குடும்பம் கொல்லப்படும் காட்சியில் ஆள் இல்லாமல் ஆடும் ஊஞ்சலின் கிறீச்சொலி, கப்பர் முதலில் நடந்து வரும்போது பாறையில் உரசும் பெல்ட்டின் ஓசை, மாலை வேளையில் விதவை ராதா ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போக, கீழே ஜெய் வாசிக்கும் மவுத் ஆர்கன், இவற்றில் ஒன்றுமே வசனம் இல்லை. இசைத்தட்டில் ஏறாத இந்த ‘ஷோலே’தான் ரமேஷ் சிப்பியின் நிஜமான சாதனை. வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டு பார்ப்பவருக்கு இது கேட்காது.

கடைசி நேரத்தில் வந்த போலீஸ்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மீண்டும் வந்த படம் 1975-இல் நாம் பார்த்த படம் அல்ல. வெட்டப்பட்ட இரண்டு காட்சிகளும், இயக்குநர் முதலில் எடுத்த முடிவும் இதில் சேர்ந்திருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த முடிவு இது. கைகள் இல்லாத டாகூர் பல்தேவ் சிங், ஆணி அடித்த செருப்புக் காலால் கப்பரை மிதித்துச் சாகடிக்கப் போகும் வேளையில் போலீஸ் வருகிறது. சட்டத்தை உங்கள் கையில் எடுக்கக் கூடாது என்று ஞாபகப்படுத்துகிறது. கப்பர் கைதாகிறான். முதலில் எடுத்த முடிவில் போலீஸ் வருவதில்லை. டாகூர் கப்பரைக் கொன்றே விடுகிறார். அதன்பின் வீரு தாங்கிக்கொள்ள, அந்த இறுகிய மனிதர் உடைந்து அழுகிறார்.

தணிக்கைக் குழு இதை ஏற்கவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியே ஒருவனைக் கொல்வதா என்பது ஆட்சேபம். நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூன் 25-இல். படம் வெளியாக வேண்டிய நாளுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. வாதாடுகிற காலம் அல்ல அது. முடிவை மாற்றி எடுத்தார்கள். குடிமக்களின் அடிப்படை உரிமைகளே நிறுத்திவைக்கப்பட்டிருந்த நேரத்தில், ஒரு கற்பனைக் கிராமத்தில் மட்டும் சட்டம் தவறாமல் வந்து நின்றது. இந்த முரணைவிடப் பெரிய விமர்சனம் வேண்டியதில்லை.

அரசியலை ஒதுக்கிவிட்டுக் கதைக் கட்டுமானத்தை மட்டும் பார்த்தாலும் மாற்றிய முடிவு நிற்கவில்லை. கதை எங்கே தொடங்குகிறது? டாகூர் சட்டப்படிதான் கப்பரைப் பிடித்தார், சட்டப்படிதான் சிறையில் போட்டார். அவன் சிறையிலிருந்து தப்பி வந்து அவர் குடும்பத்தைக் கொன்றான். பிறகு அவர் கைகளையும் வெட்டினான். அதனால்தான் அவர் போலீஸிடம் போகாமல் இரண்டு திருடர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். கடைசியில் அதே கப்பரை அதே சிறைக்கு அனுப்பினால், மூன்று மணி நேரக் கதை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஜெய் எதற்காகச் செத்தான் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பீமன் கதையைத் தூக்கித் துரியோதனனைத் தொடையில் அடிக்கப் போகும்போது அஸ்தினாபுரத்துக் காவலர் வந்து தடுத்தால் எப்படி இருக்கும்? நம்ம ஊர்க் கூத்துக் கூட்டம் சும்மா விடுமா? சபதத்தில் தொடங்கிய கதை சபதத்தில்தான் முடியவேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நாம் கொண்டாடியது படுகளம் இல்லாத ஒரு கூத்தை.

பிஸ்கட் விற்ற கொள்ளைக்காரன்

இதற்கு ஒரு மறுப்பும் எழும். கொலையைத் தடுத்த முடிவு நல்லதுதானே, குழந்தைகளோடு பார்க்கிற படம் இல்லையா என்பார்கள். பழிவாங்கலைப் பெரிதாக்கும் படங்கள் மலிந்துவிட்ட இன்றைய நிலையில் இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல.

ஆனால் மாற்றிய முடிவு நடைமுறையில் என்ன செய்தது? கப்பர் சாகவில்லை. சாகாததால் அவன் நம் வீட்டுக்குள் வந்துவிட்டான். அம்ஜத் கான் அதே வேஷத்தில் பிரிட்டானியா குளுகோஸ்-டி பிஸ்கட் விளம்பரத்தில் தோன்றினார். பூச்சாண்டிக்குப் பதிலாகக் கப்பர் பேரைச் சொல்லிச் சோறு ஊட்டினார்கள். மாறுவேடப் போட்டியில் டாகூராக நிற்க எந்தப் பிள்ளையும் விரும்பவில்லை. எல்லோருக்கும் கப்பராக வேண்டும். ஒரு கிராமத்தையே பட்டினி போட்டவன், இமாம் சாயபுவின் மகனைக் கொன்று பிணத்தைக் குதிரையில் ஏற்றி அனுப்பியவன், செல்லமான வில்லனாக மாறினான். நீதியைக் காப்பாற்றுவதாகச் சொன்ன வெட்டு, கடைசியில் காப்பாற்றியது கொள்ளைக்காரனைத்தான்.

பழைய முடிவு இதற்கு இடம் கொடுப்பதில்லை. அதில் கப்பரின் சாவு கைதட்டலுக்கு உரிய காட்சியாக இல்லை. கொன்ற பிறகு டாகூருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வரவில்லை, பேரன் வரவில்லை, கைகள் வரவில்லை. அதுவரை சால்வைக்குள் ஒடுங்கி, முகத்தில் ஒரு நரம்பு அசையாமல் நின்ற சஞ்சீவ் குமார் அங்கே அழுகிறார். பழிவாங்கல் எத்தனை வெறுமையானது என்று போதிக்க ஒரு போலீஸ்காரர் தேவைப்படவில்லை, அந்த அழுகை போதும். நம் படுகளத்திலும் இதுதானே நடக்கிறது? துரியோதனன் விழுந்ததும் அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கிறாள். வெற்றி பெற்றவர் பக்கம் நின்று பார்த்த ஜனங்கள் அப்போது அவளோடும் சேர்ந்து கலங்குகிறார்கள். கூத்துக் கலைஞர்கள் அறிந்த அந்த உண்மையை ரமேஷ் சிப்பியும் அறிந்திருந்தார். அதை நம் கண்ணில் காட்டத்தான் அவருக்கு அனுமதி இல்லை.

ஓலைச்சுவடியும் பிலிம் சுருளும்

“நான் பார்த்து வளர்ந்த ‘ஷோலே’தான் ‘ஷோலே’. அதில் கை வைக்க இவர்கள் யார்?” என்று கேட்ட ரசிகர்களும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மினர்வாவில் ஓடியதும் மக்கள் மனத்தில் ஊறியதும் மாற்றிய வடிவம்தான். பழைய முடிவு வீடியோ கேசட்டிலும் குறுந்தகட்டிலும் முன்பே உலவியது என்றாலும், அதைத் தேடிப் பார்த்தவர்கள் குறைவு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. இதன் பெயர் பாடபேதம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்டபோது, கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்பிட்டுத்தான் மூலத்தை நிச்சயித்தார். பாடபேதங்களை அவர் அழித்துவிடவில்லை, குறித்து வைத்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால் போலீஸ் வரும் முடிவு ஓர் இடைச்செருகல். ஆனால் ஐம்பது ஆண்டு புழங்கிய இடைச்செருகலுக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. இரண்டு வடிவமும் பாதுகாக்கப்பட வேண்டும், எது எப்போது எதனால் வந்தது என்ற குறிப்போடு.

சுவடி தேடிய கதைபோலவே இதன் பின்னணியும் இருக்கிறது. காமிராவில் ஓடிய மூல நெகடிவ் மிகவும் கெட்டுப்போயிருந்தது. 70 எம்.எம். பிரிண்ட் ஒன்றுகூடத் தப்பவில்லை. இங்கிலாந்தில் ஒரு கிடங்கிலும் மும்பையில் சிப்பி நிறுவனத்தின் கிடங்கிலும் கிடைத்த சுருள்களைக் கொண்டு, மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் பொலோனியாவின் ஆய்வுக்கூடமும் சுமார் மூன்று ஆண்டு உழைத்துத்தான் படம் மீண்டது. நாட்டிலேயே மிக அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்றுக்கே இந்தக் கதி.

நம் வீட்டுக் கணக்கு

அதே டிசம்பர் 12-இல், ரஜினிகாந்தின் 75-ஆவது பிறந்த நாளையொட்டி, 1999-இல் வந்த ‘படையப்பா’வும் திரும்ப வந்தது. 2012-இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு வந்து, 1964-இல் பார்க்காத தலைமுறையையும் இழுத்து நூறு நாள் கடந்தது. ஆக, தமிழர்களுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நம் காத்திருப்பு பெரும்பாலும் நட்சத்திரத்தின் பிறந்த நாளோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தின் நெகடிவ் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, வெளியான நீளத்தில் முழுதாக இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதற்கு எத்தனை ஆண்டு நிறைவு வந்தாலும் கொண்டாட்டத்துக்குத் திரை ஏறாது.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நம் அரங்குகளில் பழைய படம் போடும் வழக்கம் உண்டு. கிடைத்த தகட்டைப் போட்டு, இடைவேளையில் காபி கொடுத்து அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். அது முழுப் படமா, வெட்டிய படமா, வெட்டியது யார், ஏன் என்று பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல பாடமாகவும் இருக்கும். வசனத்தை மனப்பாடமாகச் சொல்வது படத்தின் மேல் உள்ள ஆசை. படம் முழுதாக இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் அக்கறை. ஆசையோடு அக்கறையும் சேர்ந்தால், அடுத்த பொன்விழாவுக்குக் காத்திருக்க நம் படங்களும் மிச்சம் இருக்கும்.