மூன்றாவது டவுனில் ஓர் உதை

1946 அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசனைப் பற்றி யார் எழுதினாலும் அதே பழைய பல்லவிதான். போரிலிருந்து திரும்பியவர்கள் ஜி.ஐ. சட்ட உதவித்தொகையில் கல்லூரிக்கு வந்தார்கள், முறுக்கேறிய உடம்போடு இடித்துத் தள்ளினார்கள், ஜெயித்தார்கள். எதிரே நின்றவர்களும் போருக்குப் போய் வந்தவர்கள்தானே ஐயா?

அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் என் கண் போய் நிற்பது குயிக் கிக்கில். பந்தோடு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில், அதாவது டவுன்களில், மூன்றாவதில், சில சமயம் இரண்டாவதிலேயே, யாரும் எதிர்பாராமல் விழும் உதை. இன்றைய ரசிகர் உச்சுக்கொட்டுவார்: இன்னும் வாய்ப்பு பாக்கியிருக்கும்போது பந்தைத் தாரை வார்ப்பானேன்? பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்பார். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைய சிங்கிள் விங் வரிசையில் பந்து நேராகச் சில கெஜம் பின்னால் நிற்கும் டெயில்பேக் கைக்கு வரும். ஓடுவானா, எறிவானா, உதைப்பானா? மூன்றுக்கும் நிற்கிற இடம் ஒன்றேதான். ஓட்டத்தை மறிக்க எதிரணியின் கடைசிக் காவலன் முன்னேறி வந்திருப்பான். பந்து அவன் தலைக்கு மேலே போய், பிடிக்க ஆளில்லாத புல்லில் உருண்டுகொண்டே இருக்கும். பிறகு சொந்தக் கோல் கோட்டருகே, சேற்றில், கனத்த தோல்பந்தோடு அவர்கள் தொடங்க வேண்டும். கை நழுவினால் கதை முடிந்தது. அதனால் அவர்களும் அவசரமாக உதைத்துத் தள்ளுவார்கள். பந்து நல்ல இடத்தில் திரும்ப நம் கைக்கு. இதில் பயந்தது யார்?

ஓரத்திலிருந்து பயிற்சியாளர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால் அப்போது அபராதம். காற்றையும் சேற்றையும் பார்த்து முடிவெடுத்தவன் மைதானத்தில் நின்ற பையன். போர் அவனுக்கு எதையாவது கொடுத்திருந்தால், தோள் வலுவைவிட இந்த நிதானத்தைத்தான் என்பேன்.

டி-ஃபார்மேஷன் என்ற வரிசை பரவி, பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக் அதைப் பின்னுக்குக் கொடுக்கும் சென்டரின் முதுகோடு ஒட்டிக்கொண்டதும் அந்த உதைக்கு இடம் போனது. (அந்த வரிசையை எனக்கு என்றுமே பிடித்ததில்லை, மறைப்பதற்கில்லை.) குவார்ட்டர்பேக் மறுபடி பின்தள்ளி நிற்கும் ஷாட்கன் வரிசை அந்த இடத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. நாலாவது டவுனில் உதைக்காமல் துணிந்து ஆடுவது வாடிக்கையாகிவிட்டதால், உதையைப் பிடிக்கப் பின்னால் ஆளை நிறுத்தவும் எதிரணிக்கு மனம் வருவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குவார்ட்டர்பேக்குகள் நாலாவதில் உதைக்கிறார்கள். மூன்றாவதுக்கு இறங்க இன்னும் இரண்டு சீசன் போதும். ஒரு நவம்பர் மழையில், பெரிய ஆட்டத்தில் நடக்கும். வர்ணனையாளர்கள் சிரிப்பார்கள். பந்து உருண்டுகொண்டிருக்கும்.